சாகாதே என்று சொல்லும் புரதம்

மேல்மலைக்குப் போஸ்டிங் என்றதும் புது நர்ஸுகளான உங்களில் சிலர் அழுததாகக் கேள்விப்பட்டேன். அழுங்கள், தப்பில்லை. நானும்தான் அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவியதும் ஒன்றைத் தீர்மானம் பண்ணிக்கொள்ளுங்கள்: யார் முன்னால் தலையை ஆட்டுவது, யார் முன்னால் ஆட்டாமல் நிற்பது என்று. ஊசி போட உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். நிற்பதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புக்காரி இல்லை. பள்ளிக்கூடம் முடித்து, நர்ஸ் பயிற்சி எடுத்து, கிராம சுகாதார நர்ஸாக இந்த மலைக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை இங்கேதான். சஷ்டி, கார்த்திகை எதையும் விட்டதில்லை. முருகனைக் கும்பிடாமல் மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாமி கும்பிடாதவள் யாரோ வந்து சாமி காரியத்தைத் தடுத்தாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. கும்பிடுகிறவள்தான் தடுத்தேன்.

கிளாவரைக்குப் போகிற பாதையிலிருந்து பிரிந்து கீழே இறங்கினால் ஒரு சின்ன ஊர் வரும். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு தவிர வேறு பிழைப்பு இல்லாத ஊர். அங்கே பாண்டி என்கிற விவசாயிக்குப் பண்ணைக்காட்டுப் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். பெயர் புஷ்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாத்தா காலத்தில் திரும்பி வந்த குடும்பம். அவளுக்கு முதலில் ஒரு பெண் பிள்ளை, கயல். ஓரிடத்தில் நிற்காது, குதிரைக்குட்டி மாதிரி ஓடும். அடுத்து ஒரு பையன் பிறந்தான். அவன் தேறவே இல்லை. நாக்கில் வெள்ளை படிந்து, மருந்து தடவினால் போய், மறுபடி வரும். வயிற்றுப்போக்கு நிற்காது. பிறகு இருமல், நெஞ்சுச் சளி. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தும் தவழ்வதற்கு முன்னாலேயே போய்விட்டான்.

ஊர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. புஷ்பத்தோடு பிறந்த ஆண் பிள்ளைகளும் கைக்குழந்தையிலேயே போனவர்கள். "அவ பொறந்த வீட்டுச் சாபம், இங்கயும் கூடவே வந்திருக்கு" என்றார்கள். கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

அதே விஷயத்தை ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரம்மா வேறு விதமாகக் கேட்டார். "அம்மாவோட அண்ணன் தம்பி யாராவது சின்னதிலேயே இறந்திருக்காங்களா?" ஆமாம் என்றதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், இந்தக் குறை அம்மா வழியா ஆண் பிள்ளைக்கு வர்றது. சாபம் இல்ல, பரம்பரை. அடுத்தது பையனா இருந்தா பிசிஜி ஊசி வேண்டாம், சொட்டு மருந்து வேண்டாம். உயிருள்ள கிருமி இருக்கிற எந்தத் தடுப்பு மருந்தும் வேண்டாம். முதல்ல ரத்தம் பார்க்கணும். எனக்கு நேரா போன் பண்ணுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். சொட்டு மருந்து கொடுக்கத்தானே மலை மலையாய் ஏறினேன்? வேண்டாம் என்று ஓடி ஒளிந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பிள்ளை வாயில் விட்டிருக்கிறேன். கொடுக்காதே என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடுத்ததும் பையன்தான். பிரசவம் கீழே ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. ஒரு மருந்தும் போடாமல் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையில் நெஞ்சுப் படத்தைக் காட்டினார்.

"பச்சப் பிள்ளைக்கு நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு மேல அகலமா ஒரு நிழல் தெரியணும். தைமஸ்னு ஒரு சுரப்பி. இவனுக்கு அந்த இடத்தைப் பாருங்க."

அங்கே ஒன்றும் இல்லை.

"தைமஸ் என்ன செய்யும் மேடம்? எங்க பயிற்சியில இந்தப் பேரே வரலியே."

அவர் அலுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கிருமியோடு சண்டை போடுகிற செல்களில் முக்கியமான ஒரு வகை, எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஒன்றும் தெரியாத இளசாக ரத்தத்தில் மிதந்து தைமஸுக்கு வந்து சேருமாம். வந்ததும் தானாக எதுவாகவும் ஆகிவிடாதாம். தைமஸில் இருக்கிற செல்கள் புரதங்களைக் கொண்டு அவற்றுக்குச் சமிக்ஞை கொடுக்குமாம். ஒரு புரதம் இந்தப் பக்கம் வா என்று இழுக்கும். ஒரு புரதம் நீ வேறு எதுவாகவும் ஆகாதே, இந்த வேலைக்குத்தான் என்று நிறுத்தும். ஒரு புரதம் சாகாதே, பெருகு என்று சொல்லும். அப்படி வளர்ந்த பிறகு சோதனை நடக்கும். நம் உடம்பையே கடிக்கப் பார்க்கிற செல்லை அங்கேயே அழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் வெளியே அனுப்புமாம்.

"இவனுக்கு அந்தப் புரதம் இல்லியா?"

"புரதம் இருக்கு சிஸ்டர். அது வந்து ஒட்டுறதுக்கு இளம் செல்லு மேல ஒரு வாங்கி இருக்கணும். அதுலதான் கோளாறு. சாகாதேன்னு சொல்றது செல்லுக்குக் கேட்கல. அதனால அங்க வர்ற ஒண்ணும் பிழைக்கல, தைமஸும் வளரல."

வழி ஒன்றுதான் என்றார். கயலின் மஜ்ஜை பொருந்தினால் அதிலிருந்து எடுத்து இவனுக்குச் செலுத்த வேண்டும். அதற்கான ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அதுவரை பொது வார்டில் வைத்தால் பக்கத்துக் கட்டில் இருமலே போதும். "வீட்ல ஒரு அறையைத் தனியா ஒதுக்க முடியுமா? அம்மா தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. ஒருத்தரும்."

பஸ்ஸில் மலை ஏறும்போது எனக்கு அந்த ஒரு சொல்தான் ஓடிக்கொண்டே இருந்தது. சாகாதே. ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் அந்தச் சொல்லை முருகன் வைத்தல்லவா அனுப்பியிருக்கிறான்? அவனே அப்படிச் சொல்லிவைத்திருக்கும்போது 'விதி, விட்டுவிடு' என்று சொல்ல நாம் யார்?

விட்டுவிடச் சொன்னவர்கள் நிறையப் பேர். "நர்சம்மா, ஒரு தடவ பட்டது பத்தாதா? எதுக்கு அந்தப் புள்ளயப் போட்டு அலைக்கழிக்கிறீய?" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவனை எதிர்ப்பது சுலபம். இவர்களை எதிர்ப்பதுதான் கஷ்டம், பழகிக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் வீடுகளில் பூண்டைக் கொத்துக் கொத்தாகப் பரணில் கட்டி, கீழே அடுப்புப் புகை போடுவார்கள். புகையும் தூசியும் இல்லாத அறை கிடையாது. பாண்டி தன் வீட்டுப் பூண்டு முழுவதையும் அவிழ்த்துப் பக்கத்து வீட்டுப் பரணுக்கு மாற்றினான். டிவி இருந்த முன்னறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தான். புஷ்பமும் பிள்ளையும் அதற்குள் போனார்கள். சாப்பாடு வாசற்படியில் வைக்கப்படும். கயலுக்கு ஜன்னல் கண்ணாடி வழியாகத் தம்பியைக் காட்டுவதோடு சரி.

பாண்டியின் அம்மா வெள்ளையம்மாள்தான் பெரிய பாடு.

"எம் பேரன் இருக்க அறைக்குப் பக்கத்துல போறதுக்கு நான் கை கழுவணுமாக்கும்? நான் என்ன சாணி அள்ளிட்டா வாரேன்?"

"ஆமாத்தா. இப்பத்தான் அள்ளுனீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தானே நிக்கேன்?"

"அது மாட்டுச் சாணி. சுத்தம்."

"சாணி சுத்தமா இருக்கட்டும். கை சுத்தமில்ல. கழுவுங்க."

திட்டிக்கொண்டே கழுவினாள். ஒருநாள் என்னை நிறுத்திவைத்து, "அப்படி என்னதான் அவனுக்கு? எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு" என்றாள். அந்த ஊரில் செல்போனுக்கு ஒரே ஒரு மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். "உங்க மகன் மேட்டுல ஏறி நின்னா பேசுறான். ஏன்? டவர்ல இருந்து வருது, போன் வாங்குது. போன்ல சிம் இல்லன்னா?" என்றேன். "மேட்டுல நின்னாலும் வராது" என்றாள். "உங்க பேரனுக்கு டவர் இருக்கு. சிம்தான் இல்ல. பொருந்துச்சுன்னா கயலுகிட்ட இருந்து வாங்கிப் போடுவாக." அவள், "அதுவரைக்கும் போனைக் கீழ போட்டுறாம வச்சிருக்கணும், அம்புட்டுத்தானே?" என்றாள். நான் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது.

இதற்கிடையில் சொட்டு மருந்து முகாம் வந்தது. புஷ்பத்தின் பிள்ளைக்குப் போடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "அவனுக்கு வேண்டாம்னா எம் புள்ளைக்கு மட்டும் எதுக்கு?" என்று ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு திரும்பினாள். நான் பாதையை மறித்தேன். "அவனுக்குச் சண்டை போட ஆளில்ல. அதனால போடல. உம் பிள்ளைக்கு ஆளிருக்கு. உம் பிள்ளைக்குச் சீக்கு வராம இருந்தாத்தான் அவனுக்கும் வராது. போட்டுட்டுப் போ. ஆனா கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் பிள்ளையை விடாத, இந்த மருந்துல இருக்கிறதே அவனுக்கு ஆகாது." ஒரே மூச்சில் போடு என்றும் போகாதே என்றும் சொன்னால் யாருக்குத்தான் குழப்பமாக இருக்காது? இருந்தாலும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். பாதியை மறைத்தால் பிறகு நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டார்கள்.

திருவிழாவில்தான் சிக்கல் வந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், வீட்டுக்கு ஒரு மூத்த பெண்ணாக வரிசையில் உட்கார்ந்து மடி மாற்றி மடி வைப்பார்கள். எல்லா வீட்டு மடியிலும் இருந்து எழுந்த பிள்ளைதான் ஊர்ப் பிள்ளை. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. தாய் வேலைக்குப் போனால் எந்த வீடும் அந்தப் பிள்ளைக்குச் சோறு போடும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது மரண வரிசை.

கயலின் ரத்தம் பொருந்துகிறது என்று தகவல் வந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கைக்குக் காத்திருந்தோம். திருவிழா அன்று காலை நான் புஷ்பத்தின் வீட்டுக்குப் போகும்போது வாசலில் மேளம், தட்டு, மாலை, பெண்கள் கூட்டம். ஊர்ப் பெரியதனக்காரர் முன்னால் நின்றார். பாண்டி தீர்த்தம் எடுக்கும் முறை என்று கோயிலில் இருந்தான். புஷ்பம் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள்.

"மருமகளே, கதவத் தொற. சாமி காத்துக் கெடக்கு" என்றார் பெரியதனக்காரர்.

உள்ளிருந்து குரல் வந்தது. "ஏலாது மாமா."

"என்னது?"

"என்னால ஏலாது. மூத்தவனை எல்லார் மடியிலயும் வச்சுத்தானே குடுத்தீங்க? எந்த மடி அவனைக் காப்பாத்திச்சு?"

கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெளியூர்க்காரி திமிர் என்றது ஒரு குரல். சாமி குத்தம் என்றது ஒன்று. பெரியதனக்காரர் என்னைப் பார்த்தார். "நர்சம்மா, நீங்க சாமி கும்பிடுறவங்க. நீங்களே சொல்லுங்க. இந்தா ஒரு நிமிச சோலி. வெரசா வச்சுட்டு எடுத்துரலாம். இல்ல, நாங்க கதவத் தள்ளித் தொறக்கணும்."

வெள்ளையம்மாள் கூட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள். அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாழ்ந்த ஊர், அவள் சாமி. ஒரு சொல் தப்பாகப் போனால் அவளே தாழை எடுக்கச் சொல்லிவிடுவாள்.

கவனியுங்கள், அந்த இடத்தில் தைமஸ், புரதம் என்று பேசுவதில் பிரயோஜனம் கிடையாது. சாமியெல்லாம் பொய் என்று பேசினால் என்னை மலையிலிருந்து உருட்டியிருப்பார்கள், நானும் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் ஏறி நின்றேன்.

"காப்பு கட்டின ஊர்தானே இது?"

"ஆமா."

"காப்பு கட்டினா பொய் பேசக் கூடாது. தீட்டு வீட்டுக்காரங்க வரிசையில உட்காரக் கூடாது. சரிதானே?"

"சரிதான். அதுக்கென்ன?"

"இந்தப் பிள்ளைக்குச் சீக்குதான் தீட்டு. உங்க சாமி மேல சத்தியமாச் சொல்லுங்க. இருமல், சளி, காய்ச்சல், வயித்தோட்டம் இல்லாத வீடு எது? புதுசாச் சொட்டு மருந்து குடிச்ச பிள்ளை இல்லாத வீடு எது? அந்த வீட்டு மடி மட்டும் வரட்டும். நானே கதவைத் திறக்கச் சொல்றேன்."

பனிக்காலத்தில் மேல்மலையில் மூக்கு ஒழுகாத வீடு எங்கே இருக்கிறது? முன்வரிசையில் நின்ற ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைக்கப் போய், பாதியில் நிறுத்தினாள். "எம் பேரனுக்கு நேத்துல இருந்து பேதி" என்றபடி ஒரு கிழவி தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை பாருங்கள். அந்த ஊரை நான் மதிப்பது அதனால்தான்.

"ஏன், எங்க வீட்ல ஒருத்தருக்கும்..." என்று ஆரம்பித்த பெரியதனக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. லேசான இருமல் இல்லை, குனிந்து தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். மேளக்காரர் முதலில் சிரித்தார்.

அவருக்கு அவமானமாகிவிட்டது. "சிரிச்சுக்கிருங்க. மடி ஏறாத பய ஊர்ப் பய இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா ஊர் வராது" என்றார்.

வெள்ளையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வராட்டிப் போங்க. மொதப் பேரனைக் குழிக்குத் தூக்குறப்ப எல்லாரும்தான் வந்தீய. இவனுக்கு அந்த வேல வைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு வாசற்படியில் என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டித்தான் யாரும் உள்ளே போக வேண்டும். யாரும் போகவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டுக்குப் பால் கொடுப்பதை ஒருவர் நிறுத்தினார். குழாயடியில் பேச்சு நின்றது. என்னையும் சில வீடுகளில் உள்ளே கூப்பிடவில்லை. நான் வாசலில் நின்றே ஊசி போட்டுவிட்டு வந்தேன். நீங்களும் அப்படி நிற்க வேண்டி வரும். கோபத்தில் ஒரு வீட்டைக்கூட விட்டுவிடாதீர்கள்.

படுக்கை கிடைத்தது. ஜீப் வைத்து விடியுமுன் வெள்ளனே பிள்ளைகளைக் கீழே இறக்கினோம். கயலுக்கு எல்லாம் சொல்லித்தான் கூட்டிப்போனோம், பொய் சொல்லவில்லை. "மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல இருந்து எடுப்பாங்க. பெறகு கொஞ்சம் வலிக்கும். எடுத்தது திரும்ப ஊறிரும்" என்றேன். "ரயில் காட்டுவீங்களா?" என்று கேட்டது. காட்டினோம்.

மஜ்ஜை ஏற்றியதும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து, புஷ்பம் போனில் பேசமுடியாமல் வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் கந்தர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கியது. பிறகு ஒருநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "சிஸ்டர், அக்காவோட செல் தைமஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. அதுக்குக் கேட்குது. ரத்தத்துல புதுசு புதுசா வருது." படத்தில் இதயத்துக்கு மேலே, மலையில் மஞ்சு இறங்கியது போல ஒரு நிழல் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்றார். பையனுக்கு இன்னமும் அவ்வப்போது கீழே போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இருக்கட்டுமே. இருக்கிறான்.

ஊருக்குக் கூட்டிப்போகலாம், ஆட்களோடு பழகவிடலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வந்த திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டேன், பெட்டி இல்லாமல் போனேன். மடி வரிசை போட்டிருந்தார்கள். அன்றைக்கு விட்டுப்போன மடிக்காகப் புஷ்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வரிசையின் முதலில் கயலை உட்காரச் சொல்லி, அவள் மடியில் தம்பியை வைத்தாள்.

"பொட்டப் புள்ள, அதுவும் சின்னப் புள்ள. அந்த மடி கணக்குல சேராதும்மா" என்றார் பெரியதனக்காரர்.

வெள்ளையம்மாள் திரும்பினாள். "ஏய்யா, அவ எலும்புக்குள்ள இருந்து எடுத்த உசுரு இவன். அவ மடி சேராட்டி எவ மடி சேரும்? நீ சொல்லு."

வரிசையில் இருந்தவர்கள் தங்கள் மடியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்கள். பையன் அக்காவின் சடையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, கனக்குறான். காலு மரத்துப்போச்சு. யாராச்சும் வாங்குங்க" என்றாள் கயல்.

"மரக்கட்டும்" என்றாள் புஷ்பம். "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிரு. எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்."